மூலக்கூறும் திரையும்: கட்புலக் கருவிகளின் வரலாறும் பருத்தித்துறையின் நிலையும்

விஞ்ஞான வரலாறு பற்றித் தமிழில் எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கை வரலாறாகவே அமைந்துள்ளன. கண்டுபிடிப்பு எக்கருவியின் துணைகொண்டு நிகழ்ந்தது, அக்கருவி யாருடைய உடைமையாயிருந்தது, எவ்வழியாற் பிறர் கைக்கு வந்தது, எவர் கைக்கு வராமற் போயிற்று என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. கருவியைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கும் இப்போக்கு விஞ்ஞானத்தையும் வரலாற்றுக்குப் புறம்பானதொன்றாக ஆக்கிவிடுகிறது.

இக்கட்டுரை அத்தகைய ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறது. மூலக்கூறொன்றின் முப்பரிமாண வடிவத்தை இணையப் பக்கமொன்றில் நிறுத்தி, பார்ப்பவர் அதனைத் திருப்பியும் பெருப்பித்தும் நோக்க வகைசெய்த சிறு செய்நிரலே அது. 'அப்லெட்' என்று வழங்கிய அக்கருவி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலவி மறைந்தது. அதன் தோற்றத்தையும் மறைவையும் ஆய்வுகூடங்கள் செறிந்த பெருநகர் ஒன்றிலிருந்து நோக்குவது ஒன்று. இரசாயனவியலைத் தமிழிற் கற்று உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணாக்கர் வாழும் பருத்தித்துறையிலிருந்து நோக்குவது மற்றொன்று. இரண்டாவது நோக்கே ஈண்டு மேற்கொள்ளப்படுகிறது. காட்டும் கருவி அழியக்கூடியது. பொதுவுடைமையாய் வைக்கப்பட்ட தரவும், அதனைப் பெயரிட்டு அழைக்கும் மொழியுமே நிலைப்பன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

1. மரக்கோளமும் காகிதமும்

மூலக்கூறு கண்ணுக்குப் புலப்படாதது. அதனைக் கற்பிக்க வேண்டிய தேவை எழுந்தபோதே அதற்கு உருக்கொடுக்க வேண்டிய தேவையும் எழுந்தது. 1865இல் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் விரிவுரை நிகழ்த்திய ஓகஸ்ட் வில்லெம் ஹொஃப்மன், குரோக்கே விளையாட்டின் பந்துகளை உலோகக் குழாய்களால் இணைத்து மூலக்கூறுகளைக் காட்டினார். காபனுக்குக் கறுப்பு, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு, நைதரசனுக்கு நீலம் என்று அவர் இட்ட நிறங்களே இன்றைய திரைகளிலும் வழங்குகின்றன. மேல்வர்க்கத்தாரின் புல்வெளி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்ட பந்து ஒன்றரை நூற்றாண்டாக உலகின் வகுப்பறைகளை ஆண்டுவருவது ஆராயத்தக்கது.

ஹொஃப்மனின் மெதேன் மாதிரி தட்டையானது. 1874இல் வன்ற் ஹொஃப், காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியொன்றின் உச்சிகளை நோக்கியவை என்று முன்மொழிந்தபோது, தம் கருத்தைச் சக விஞ்ஞானிகளுக்கு உணர்த்தக் காகித அட்டையில் நான்முகிகள் செய்து அனுப்பினார். 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் நோயுற்றுப் படுத்திருந்த லைனஸ் போலிங், தாளில் வரைந்த புரதச் சங்கிலியை மடித்தும் சுற்றியும் பார்த்தே அல்பாச் சுருளியின் அமைப்பை அணுகினார். காகிதம் எளிய பொருள், எவரிடமும் இருக்கக்கூடியது. ஆனால், ஆராய்ச்சி பெரிய மூலக்கூறுகளை நோக்கி நகர்ந்தபோது மாதிரிகளும் பெருஞ்செலவுக்குரியனவாயின. கேம்பிரிட்ஜில் ஜோன் கென்ட்ரூ 1957இல் மயோகுளோபினுக்குச் செய்த முதல் மாதிரி களிமண் போன்ற பிளாஸ்ரிசீனால் ஆனது. பின்னர் நுண்மையான தரவு கிடைத்தபோது ஏறத்தாழ 2,500 செங்குத்துக் கம்பிகளை நாட்டி, அவற்றினிடையே அணுக்களின் நிலையைக் குறித்து மாதிரி கட்டப்பட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு மூலக்கூற்றைவிடக் கம்பிக் காடே முன்னின்றது. அத்தகைய மாதிரி ஓர் ஆய்வுகூடத்தில் ஒன்றே இருக்கமுடியும். அதனைக் காண்பவர் அங்கே செல்லவேண்டும்.

2. சென்னையின் பங்களிப்பு

இவ்வரலாற்றிற் குடியேற்ற நாடுகள் வெறும் பார்வையாளராய் இருந்தன என்று கருதுவது தவறு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பின் பேரில் 1952இல் அங்கே பௌதிகத் துறைத் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜென் புரதத்துக்கு முச்சுருளி அமைப்பை முன்மொழிந்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் அடிப்படைப் புரதம் கொலாஜென் ஆதலின், சென்னையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்கு உதவியது. தோல் பதனிடும் தொழிலின் தேவையும் அடிப்படை ஆராய்ச்சியும் ஒரு நகரிற் சந்தித்தமை தற்செயலன்று.

அம்முன்மொழிவுக்கு எழுந்த முதன்மையான எதிர்ப்பு, சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்குமேல் நெருங்குகின்றன என்பதாகும். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே, 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடமாய்க் கனிந்தது. புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் இரு பிணைப்புகள் சுழலக்கூடியன. அவ்விரு சுழற்சிக் கோணங்களையும் இரு அச்சுகளிற் குறித்தால், அணுக்கள் மோதாது அமையக்கூடிய பரப்புகள் சிலவே எஞ்சுகின்றன. மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டு பொறுமையுடன் கணித்துப் பெறப்பட்ட இவ்விடை, கம்பிக் காட்டை ஒரே தாளுக்குள் அடக்கியது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு துணியப்பட்டாலும் அதன் சரிபிழை இன்றும் 'இராமச்சந்திரன் வரைபட'த்தைக் கொண்டு சோதிக்கப்படுகிறது. கருவி வளம் குறைந்த ஓரிடத்தில் பிறந்த கட்புல முறை உலகப் பொதுவானது; அதற்குக் காரணம் அது எவரும் தாளில் எடுத்துச் செல்லக்கூடிய வடிவில் இருந்தமையேயாகும்.

3. திரையும் பொதுக் களஞ்சியமும்

1960களின் நடுப்பகுதியில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் சைரஸ் லெவிந்தாலும் உடனுழைத்தோரும் கணினித் திரையில் மூலக்கூற்றைக் கோட்டுருவாய் வரைந்து சுழற்றிக் காட்டினர். ஒரு பல்கலைக்கழகம் முழுமையும் பகிர்ந்துகொண்ட பெருங்கணினியின் ஆற்றல் அதற்கு வேண்டியிருந்தது.

திரையைவிட முக்கியமான நிகழ்ச்சி 1971இல் நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் ஏழு அமைப்புகளுடன் புரதத் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் அணுவும் ஒரு வரி. அவ்வரியில் அணுவின் பெயர், அது சேர்ந்த அமினோவமிலம், மூன்று ஆள்கூறுகள். ஆள்கூறுகள் அங்சுத்திரோம் அலகில், அதாவது சென்ரிமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எழுதப்பட்டன. வரியின் நீளம் எண்பது எழுத்து. அக்காலத் துளையட்டையின் அகலம் அது. துளையட்டை மறைந்து நெடுங்காலமாயிற்று. அவ்வடிவிலான கோப்பை இன்றும் எந்தச் செய்நிரலும் வாசிக்கும். மனிதக் கண்ணாலும் வாசிக்கத்தக்க வெறும் எழுத்தாகவும், எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாகவும் இருந்தமையே அதன் நிலைபேற்றுக்குக் காரணம். 2003இலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நிலையங்கள் ஒன்றிணைந்து அதனைப் பேணுகின்றன. 2023 சனவரியில் அங்கிருந்த அமைப்புகளின் தொகை 2,00,000ஐத் தாண்டியது.

4. அப்லெட்டின் எழுச்சியும் மறைவும்

தரவு பொதுவாயிருந்தும் அதனைப் பார்க்கும் செய்நிரல் நெடுங்காலம் விலையுயர்ந்த கணினிகளுக்கே உரியதாயிருந்தது. பிரித்தானிய ஆய்வு மாணாக்கராயிருந்த றொஜர் செயில் 1993இல் 'றஸ்மொல்' என்னும் செய்நிரலை அதன் மூலநிரலுடன் வெளியிட்டபோது இந்நிலை மாறியது. சாதாரண கணினியிலும் அது இயங்கியது. 1996இல் எம். டி. எல். நிறுவனம் றஸ்மொல்லின் மூலநிரலை அடிப்படையாகக் கொண்டு 'சைம்' என்னும் செருகியை வெளியிட்டது. மூலக்கூறு இணையப் பக்கத்தின் உள்ளேயே அசைந்தது. எனினும், சைம் விலையின்றிக் கிடைத்ததேயன்றி அதன் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. விலையின்மை வேறு, சுதந்திரம் வேறு என்பதைப் பின்னிகழ்ச்சிகள் காட்டின.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா மொழி, எக்கணினியிலும் ஒரே செய்நிரல் இயங்கும் என்னும் வாக்குறுதியுடன் வந்தது. அம்மொழியில் டான் கெசல்ற்றர் தொடங்கிப் பலர் கூடி வளர்த்த 'ஜேமொல்', திறந்த மூலநிரலுடையது. அதனைப் பக்கத்தில் நிறுவும் முறை எளிது. செய்நிரற் பொதியையும் ஆள்கூற்றுக் கோப்பையும் இணைய வழங்கியில் இடவேண்டும். பக்கத்தின் குறிமொழியில் 'அப்லெட்' என்னும் குறியை எழுதி, பொதியின் இருப்பிடம், காட்சிச் சட்டத்தின் அகல உயரம், தொடக்கத்தில் நிறைவேற்றவேண்டிய கட்டளைகள் ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். பாதுகாப்புக் கருதி, அப்லெட் தான் வந்த வழங்கியிலிருந்து மாத்திரமே கோப்புகளை வாசிக்க அனுமதிக்கப்பட்டது. ஆதலால், பொதியும் கோப்பும் ஒரே வழங்கியில் இருத்தல் வேண்டும் என்பதே நிறுவுவோர் முதலிற் கற்ற பாடமாகும். ஆசிரியர் ஒருவர் சில வரிகளில் நீரின் வளைந்த வடிவையோ ஈமோகுளோபினின் நான்கு சங்கிலிகளையோ உலகுக்குக் காட்டக்கூடிய நிலை பிறந்தது.

அந்நிலை நீடிக்கவில்லை. ஜாவாவின் பாதுகாப்புக் குறைகள் பெருகின. 2013 சனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் உலாவிகளில் ஜாவாவை முடக்கும்படி அறிவுறுத்தியது. 2014 சனவரியில் வந்த ஜாவா இற்றைப்படுத்தல், நம்பகச் சான்றிதழின்றிக் கையொப்பமிடப்படாத அப்லெட்டுகளை வழமையாகத் தடுத்தது. 2015இல் குரோம் உலாவியும் 2017 மார்ச்சில் பயர்பொக்ஸ் உலாவியும் அவற்றுக்கான ஆதரவை நீக்கின. உலகெங்கும் ஆசிரியர்கள் ஆக்கிய பக்கங்கள் வெற்றுச் சாம்பற் சட்டங்களாயின.

இக்கட்டத்தில் ஒப்புநோக்கு ஒன்று அவசியமாகிறது. மூடிய சைம், தன் நிறுவனம் கைவிட்டபோது மாண்டது. திறந்த ஜேமொல் மாளவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சென்ற் ஒலாஃப் கல்லூரியைச் சேர்ந்த பொப் ஹான்சனும் பிறரும் 2012–2013 காலப்பகுதியில் அதன் மூலநிரலை ஜாவாஸ்கிரிப்ற் மொழிக்குப் பெயர்த்தனர். 'ஜேஎஸ்மொல்' எனப்படும் அது எச்செருகியும் வேண்டாது இன்றைய உலாவியில் இயங்குகிறது. றஸ்மொல்லுக்கு 1993இல் வகுக்கப்பட்ட கட்டளை மொழி சைமுக்கும் ஜேமொல்லுக்கும் ஜேஎஸ்மொல்லுக்கும் வழிவழியாக வந்துள்ளது. உடல் மாறியும் மொழி மாறவில்லை.

5. பருத்தித்துறையிலிருந்து நோக்குதல்

மேற்கூறிய கால அட்டவணையை வடமராட்சியின் வரலாற்றுடன் அருகருகே வைக்கும்போதுதான் அதன் சமூகப் பொருள் துலங்குகிறது.

பருத்தித்துறை விஞ்ஞானக் கல்விக்குப் புதிய களமன்று. 1838இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் தொடக்கிய பாடசாலையே பின்னாளில் ஹாட்லிக் கல்லூரியாயிற்று. அங்கு பயின்ற சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கின் வழிகாட்டலில் இலத்திரன் பற்றிய கொள்கையை ஆராய்ந்தார். எலியேசரின் காலத்தில் அக்கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. ஆதலால் அது சிலருக்கே உரியதாயிருந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து விஞ்ஞான பாடங்கள் படிப்படியாகத் தாய்மொழிக்கு வந்தபோதே கமக்காரன் மகனும் மீனவன் மகளும் இரசாயனவியலைத் தமது மொழியிற் கற்கும் வாய்ப்புப் பிறந்தது.

அவ்வாய்ப்பின் மீது போர் கவிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1984 செப்தெம்பரில் ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் தீக்கிரையாயிற்று. 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. போத்தல் விளக்கின் சிறு சுடரில் மாணாக்கர் படித்தனர். சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டனர். பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாயின. 1993இல், சாதாரண கணினியிலும் மூலக்கூறு சுழலத் தொடங்கிய அவ்வாண்டில், வடமராட்சியின் நிலை இதுவே. சைம் வெளிவந்த 1996இல் வடமராட்சி இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பருத்தித்துறையின் கரையோரம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று.

2002இன் போர்நிறுத்தத்தையடுத்துக் கண்டி வீதி திறக்கப்பட்டபோதே கணினிகளும் இணைய நிலையங்களும் குடாநாட்டிற் பரவலாயின. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் 2009இல் முடிந்து, 2010களின் முற்பகுதியிலேயே குடாநாடு நாட்டின் மின்வலையமைப்புடன் மீள இணைந்தது. பாடசாலைகளிற் கணினிக் கூடங்கள் நிலைபெறத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அப்லெட்டுக்கான கதவுகளை உலாவிகள் மூடிக்கொண்டிருந்தன. உலக மையங்களில் ஆசிரியரும் மாணாக்கரும் இருபது ஆண்டுகள் பயன்படுத்திக் கைவிட்ட கருவி, இங்கு வந்து சேரும் தறுவாயிலேயே வழக்கொழிந்தது. தொழினுட்பம் மையத்திலிருந்து விளிம்புக்கு மெல்லப் பரவி ஈற்றில் யாவரையும் சமப்படுத்தும் என்னும் கூற்று எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது சான்றாகும். விளிம்புக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கருவியன்று, அதன் எச்சமே.

6. பெயரிடும் மொழி

மொழியின் நிலையை நோக்கும்போது அதே சிக்கல் வேறுருவில் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியலைத் தமிழாக்கும் முயற்சி பழைமையானது. 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்திய சாமுவேல் கிறீன், உடற்கூற்றியலையும் அறுவை மருத்துவத்தையும் தமிழிற் தந்ததோடு அமையாது இரசாயன நூலொன்றையும் வெளிக்கொணர்ந்தார். 1875இல் அச்சான அதன் பெயர் 'கெமிஸ்தம்'. அதே துறை பின்னர் இலங்கையில் 'இரசாயனவியல்' என்றும் தமிழ்நாட்டில் 'வேதியியல்' என்றும் பெயர் பெற்றது. இலங்கை மாணாக்கனின் ஒட்சிசனும் காபனும் இலத்திரனும் தமிழ்நாட்டில் ஆக்சிஜனும் கார்பனும் எலக்ட்ரானும் ஆகும். இங்கே பளிங்கு என்பது அங்கே படிகம். இங்கே சமபகுதியம் என்பது அங்கே மாற்றியம்.

அச்சு நூற் காலத்தில் இவ்வேறுபாடு பெருந்தடையன்று. அவ்வந் நாட்டுப் பாடநூல் அவ்வந் நாட்டு மாணாக்கனிடம் சென்றது. இணையத்தில் நிலைமை வேறு. சொல்லைக் கொண்டே தேடல் நிகழ்கிறது. 'சமபகுதியம்' என்று தேடும் வடமராட்சி மாணாக்கிக்கு 'மாற்றியம்' என்று எழுதப்பட்ட பக்கம் கிட்டுவது அரிது. இரு வழக்குகளையும் ஒருங்கே குறிக்கும் சிறு பெயர்ப்பட்டியலைப் பக்கத்துடன் இணைத்தல் இதற்கு எளிய பரிகாரம்.

எழுத்துருவின் வரலாறும் இதற்கு இயைபானது. 1990களில் இணையத்தில் தமிழ்ப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவை வேண்டி நின்றன. இலங்கைத் தமிழர் பலர் பாமினி எழுத்துருவிற் தட்டெழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றியது. தனித்தனி எழுத்துருவும் அப்லெட்டைப் போன்ற ஓர் இடைக் கருவியே. 1991இலேயே யுனிகோட்டில் தமிழ் இடம்பெற்றிருப்பினும், அது வழக்குக்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் தமிழ் நூல்களை இணையத்தில் பொதுவாக்கிய 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டது. அதனைத் தொடக்கிய கு. கல்யாணசுந்தரம், சுவிற்சர்லாந்தின் லோசானில் ஒளியிரசாயனவியலில் ஆய்வு நிகழ்த்திய விஞ்ஞானி. மூலக்கூறுகளோடு பழகிய ஒருவரே தமிழ் எழுத்தின் பொதுக் குறியீட்டுக்கும் உழைத்தமை, இவ்விரு சிக்கல்களும் அடிப்படையில் ஒன்றே என்பதை உணர்த்துகிறது. ஈழத்து எழுத்துக்களைப் பொறுத்தவரை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அப்பணியை முன்னெடுத்துள்ளது. எரிந்த நூலகத்தின் நினைவு அதன் பின்னணியில் இருப்பதை எவரும் உணர்வர். ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது ஓரிரவில் அழியலாம். பல இடங்களிற் பிரதியாய் இருப்பது எளிதில் அழியாது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, கட்புலக் கருவிகள் ஒவ்வொன்றும் தம் காலத்து உற்பத்தி உறவுகளுக்குக் கட்டுப்பட்டவை. கம்பிக் காடு ஆய்வுகூடத்துக்குரியது. பெருங்கணினி பெரும் பல்கலைக்கழகத்துக்குரியது. அப்லெட் சில உலாவி நிறுவனங்களின் அனுமதிக்குரியது. அவ்வனுமதி நீக்கப்பட்டபோது ஆசிரியரின் உழைப்பும் உடனழிந்தது.

இரண்டாவது, காலத்தைக் கடந்து நின்றவை மூன்று: வெறும் எழுத்தாய் எழுதப்பட்ட ஆள்கூற்றுக் கோப்பு, திறந்த மூலநிரல், தாளிற் பொறித்த வரைபடம். மூன்றும் எவரும் பிரதி செய்யத்தக்கவை. ஆகவே, விளிம்பு நிலைச் சமூகமொன்று கருவியைத் தெரிவுசெய்யும்போது அழகையும் வேகத்தையும் விட இப்பண்பையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது செயல் சார்ந்தது. ஜேஎஸ்மொல் போன்ற திறந்த செய்நிரலையும் உயர்தரப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய மூலக்கூறுகளின் ஆள்கூற்றுக் கோப்புகளையும் பாடசாலைக் கணினி ஒன்றிலேயே வைத்து, அதனையே கூடத்தின் ஏனைய கணினிகளுக்கு வழங்கியாய் இயக்கலாம். வெளியிணைப்பு அறுந்தாலும் மெதேனின் நான்முகியும் இலக்ரிக்கமிலத்தின் ஆடி விம்பச் சோடியும் திரையிற் சுழலும். அவற்றின் கீழ் இடப்படும் குறிப்புகள் தமிழில், இரு நாட்டு வழக்குகளும் தோன்ற எழுதப்படலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியர் சிலரின் கூட்டுழைப்பு வேண்டும்.

மின்சாரமும் வீதியும் துண்டிக்கப்பட்ட ஆண்டுகளிலும் வடமராட்சியின் வகுப்பறைகளில் இரசாயனவியல் கற்பிக்கப்பட்டது. பாடநூலும் தமிழ்க் கலைச்சொல்லும் மாணாக்கர் கையில் இருந்தமையே அதனைச் சாத்தியமாக்கியது. இனிவரும் கருவிகளும் அவ்வாறே அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். மூலக்கூறு யாருடைய வழங்கியில் இருக்கிறது, யாருடைய மொழியிற் பெயர் பெறுகிறது என்னும் வினாக்கள் தொழினுட்ப வினாக்கள் மாத்திரமல்ல. கல்வியின் சனநாயகம் பற்றிய வினாக்களுமாகும்.